பிலிம் சுருளிலிருந்து மெமரி கார்டு வரை: சென்னையில் சின்ன பட்ஜெட் படங்களின் கதை

நம் மலரில் பேராசிரியர்களைப் பற்றியும், கேண்டீன் பஜ்ஜியைப் பற்றியும், பெஞ்சு தட்டிப் பாடிய பாட்டுகளைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியான சீனியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே எனக்குக் கொஞ்சம் பரிச்சயமான வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். கையில் அதிகம் காசில்லாதவர்கள் இந்த ஊரில் எப்படிப் படம் எடுத்தார்கள், இப்போது எப்படி எடுக்கலாம் என்பதுதான் அது.

நான் தொழிலால் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளன், 2010-ம் வருட செட். மந்தைவெளி வீட்டில் ராத்திரி வேளைகளில் நண்பர்களுடைய குறும்படங்களை எடிட் செய்து கொடுப்பது என் பொழுதுபோக்கு. அதனாலேயோ என்னவோ, இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் போன் செய்து இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். "அண்ணா, எந்த கேமரா வாங்கலாம்? எந்த சாஃப்ட்வேர்ல எடிட் பண்ணலாம்?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த பதில் அடுத்த வருஷம் பழசாகிவிடும். பழசாகாத பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

நிமிடத்துக்கு 90 அடி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 35 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம்கள். விநாடிக்கு 24 பிரேம் ஓடினால் விநாடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. 400 அடி டப்பா ஒன்று நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். 1000 அடி டப்பா பதினோரு நிமிடம் வரும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் திரையில் ஓடுவது மட்டும் 13,500 அடி. ஒவ்வொரு ஷாட்டும் சராசரியாக நாலு டேக் போனால் 54,000 அடி நெகடிவ் வேண்டும். அதை வாங்க ஒரு காசு, லேபில் கழுவ ஒரு காசு, பார்ப்பதற்கு ரஷ் பிரிண்ட் போட இன்னொரு காசு.

கேமரா வாடகைகூட இதற்கு அப்புறம்தான். டைரக்டர் "ஆக்‌ஷன்" என்று சொல்கிற நொடியிலிருந்து ரூபாய் சுருளாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து ஒத்திகைகள், பயம், ஸ்டார் நடிகரை மட்டும் நம்பி வட்டிக்குப் பணம் வாங்குவது எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த 90 அடி இருந்தது.

முதலியாரும் செட்டியாரும்

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார் சினிமாக்காரர் அல்ல. மோட்டார் வண்டித் தொழிலில் இருந்தவர். புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் சொந்தமாக ஸ்டுடியோ போட்டார். அன்றைக்கு நடிகர்கள் புராணக் கதை பேச, முதலியார் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்திருப்பார். தானே கற்றுக்கொண்டு தானே செய்கிற இந்த வழக்கம் நம் ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் பழசு.

அவரைவிட எனக்கு ஆச்சரியமானவர் ஏ.கே. செட்டியார். பத்திரிகையாளர், பயண எழுத்தாளர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போகும்போது, மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு டாகுமெண்டரி எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான்! அதற்காக ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சுற்றினார். முப்பது வருட காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேமராமேன்கள் பல நாடுகளில் எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். கிடைத்தது 50,000 அடி. அதைச் சுருக்கி 12,000 அடிப் படமாக்கி, 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்ஸி தியேட்டரில் வெளியிட்டார்.

மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50,000 அடி என்றால் ஒன்பதே கால் மணி நேரம். 12,000 அடி என்றால் இரண்டே கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோவுக்கே இதைவிட அதிகமாக எடுக்கிறார்கள். அவர் அந்த ஒன்பது மணி நேரத்துக்காக உலகத்தையே சுற்றினார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எடிட்டிங் என்ற வேலை மேஜையில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டுடியோவுக்கு வெளியே

பிறகு ஸ்டுடியோக்களின் காலம். அடையாறில் நெப்டியூன் ஸ்டுடியோ (பின்னாளில் சத்யா ஸ்டுடியோ, இன்று அங்கே பெண்கள் கல்லூரி), வடபழனியில் ஏவி.எம்., விஜயா வாகினி என்று பெரிய பெரிய கோட்டைகள். கோட்டைக்கு வெளியே நின்று படம் எடுத்தவர்களும் உண்டு.

1965-ல் ஜெயகாந்தன் தன்னுடைய 'உன்னைப்போல் ஒருவன்' கதையைத் தானே இயக்கினார். சேரி மக்களின் வாழ்க்கை, கறுப்பு வெள்ளை, ஸ்டார் கிடையாது. தேசிய விருது கிடைத்தது, தியேட்டர் சரியாகக் கிடைக்கவில்லை. 1977-ல் ஜான் ஆபிரகாம் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். கல்லூரிக் காட்சிகளை லயோலா கல்லூரியில் எடுத்தார்கள். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனே பேராசிரியராக நடித்தார். அதற்கும் தேசிய விருது உண்டு. ஆனால் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் நிறுத்தியது. எடிட்டர் பி. லெனின் 1992-ல் 'நாக் அவுட்' என்ற குறும்படத்தை எடுத்து, அதற்கும் தேசிய விருது வாங்கினார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். படம் எடுப்பதற்குக் காசு வேண்டும் என்பது ஒரு சுவர். எடுத்த படத்தை ஜனங்களிடம் கொண்டுபோவது இன்னொரு சுவர். பின்னால் வந்த டிஜிட்டல் முதல் சுவரை உடைத்தது. இரண்டாவது சுவரை உடைத்ததா என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

கத்தரிக்கோலும் ஹார்ட் டிஸ்க்கும்

எடிட்டிங் அறைக்கு வருவோம். மூவியாலா என்ற மெஷின், பக்கத்தில் துணித் தொட்டி, தொட்டிக்கு மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கும் பிலிம் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் மெழுகு பென்சிலால் நம்பர். எடிட்டர் "அந்த ஹீரோயின் திரும்புற ஷாட்" என்று கேட்டால் அசிஸ்டெண்ட் நொடியில் எடுத்துக் கொடுக்க வேண்டும். வெட்டி ஒட்டியதை மாற்றவேண்டுமானால் பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டும். நான்கு பிரேம் காணாமல் போனால் தரையில் மண்டியிட்டுத் தேட வேண்டும். எடிட்டிங் முடிந்தபின் அதே அளவுக்கு ஒரிஜினல் நெகடிவை வெட்டுவார்கள். அங்கே தப்பு நடந்தால் திருத்த வழியே கிடையாது.

அமெரிக்காவில் 1989-ல் ஆவிட் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங் கருவி விற்பனைக்கு வந்தது. காட்சிகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, எந்த ஷாட்டையும் எந்த வரிசையிலும் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றலாம். ஒரு அடி பிலிம்கூட வெட்டுப்படாது. இந்தியாவில் இதை முதலில் பயன்படுத்திய படம் 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் 'மகாநதி'. பம்பாயை முந்திக்கொண்டு சென்னை செய்த வேலை இது.

ஆவிட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ரியல் இமேஜ் நம் பேட்டைக் கம்பெனிதான். 1986-ல் ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் செந்தில் குமாரும் ஆரம்பித்தது. பின்னாளில் மயிலாப்பூர் டாக்டர் ரங்கா ரோட்டிலிருந்து இயங்கியது. தியேட்டர்களுக்கு டி.டி.எஸ். ஒலியைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். கபாலி கோயில் தேர் ஓடுகிற பேட்டையிலிருந்துதான் இந்திய சினிமாவின் எலக்ட்ரானிக்ஸில் பாதி புறப்பட்டது என்றால் வெளியூர் நண்பர்கள் நம்புவதில்லை.

என்ன, அன்றைக்கு ஆவிட் ஒரு பங்களா விலை. கல்லூரி மாணவன் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

டி.வி. டேப் காலம்

மாணவர்களுக்கு வாசல் திறந்தது 1995-ல். சோனி, பானசோனிக் முதலிய கம்பெனிகள் சேர்ந்து டி.வி. என்ற டிஜிட்டல் வீடியோ முறையை வெளியிட்டன. சோனியின் வி.எக்ஸ். 1000 கேமராவில் ஃபயர்வயர் என்ற சின்னத் துளை இருந்தது. சரித்திரத்தை மாற்றியது அந்தத் துளைதான். டேப்பில் இருக்கும் படத்தைத் தரம் குறையாமல் அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறக்கலாம். விநாடிக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேர டேப்புக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட். 1999-ல் ஆப்பிள் ஃபைனல் கட் புரோவை வெளியிட்டதும், வீட்டு மேஜையிலேயே எடிட்டிங் ரூம் வந்துவிட்டது. டென்மார்க்கில் தாமஸ் வின்டர்பெர்க் 1998-ல் கையடக்க டி.வி. கேமராவிலேயே முழுப்படம் எடுத்து கான் விழாவில் பரிசு வாங்கினார்.

நாங்கள் கல்லூரியில் நுழைந்த 2006-ல் இந்தக் காலத்தின் கடைசிப் பகுதி நடந்துகொண்டிருந்தது. யாராவது ஒருத்தனுடைய வெளிநாட்டு மாமா வாங்கிக் கொடுத்த ஹேண்டிகேம், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஃபயர்வயர் கார்டு, அசெம்பிள்டு கம்ப்யூட்டர். இரண்டு நிமிட வீடியோ ரெண்டர் ஆவதற்குள் லஸ் கார்னர் போய் காபி குடித்துவிட்டு வரலாம். கல்ச்சுரல்ஸில் அதைத் திரையிட்டபோது வந்த கைத்தட்டல் இப்போதும் காதில் இருக்கிறது.

பெரிய திரையிலும் இதே காலத்தில் மாற்றம். அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' (2004), கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) இரண்டும் தமிழில் டிஜிட்டலில் எடுக்கப்பட்ட முதல் படங்களில் சேரும். ரியல் இமேஜ் 2005-ல் 'க்யூப்' என்ற தியேட்டர் சர்வரைக் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வொரு தியேட்டருக்கும் தனித்தனியாக பிலிம் பிரிண்ட் போட்டு டிரங்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும். ஐம்பது தியேட்டர் என்றால் ஐம்பது பிரிண்ட். க்யூபில் ஒரு ஹார்ட் டிஸ்க் போதும். சின்னத் தயாரிப்பாளர் முதல் தடவையாகப் பெரிய தயாரிப்பாளர் படம் ஓடுகிற அதே நாளில் அதே ஊர்களில் படம் போடக்கூடிய நிலைமை வந்தது.

ஸ்டில் கேமராவில் சினிமா

2009-ல் கதை வேகம் பிடித்தது. ரெட் ஒன் என்ற 4கே கேமராவில் எடுத்த தமிழ்ப் படங்கள் வந்தன. அருண் வைத்தியநாதனின் 'அச்சமுண்டு அச்சமுண்டு' ஒன்று. இன்னொன்று கமலின் 'உன்னைப்போல் ஒருவன்'. ஜெயகாந்தன் படத்தின் அதே பெயர்! 44 வருட இடைவெளியில் ஒரே தலைப்பில் இரண்டு படங்கள். முதலாவது ஸ்டுடியோ சினிமாவுக்கு வெளியே போன படம், இரண்டாவது பிலிமுக்கு வெளியே போன படம்.

அதே 2009-ல் கேனான் 7டி என்ற ஸ்டில் கேமரா வந்தது. அறிவித்த விலை 1,699 டாலர். பெரிய சென்சார், லென்ஸ் மாற்றலாம், வீடியோவும் எடுக்கலாம். பாலாஜி சக்திவேலும் ஒளிப்பதிவாளர் விஜய் மில்டனும் அதை வைத்தே 'வழக்கு எண் 18/9' படத்தை எடுத்தார்கள். 2012-ல் வெளிவந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. கல்யாண போட்டோகிராபர் கையில் இருக்கிற கேமராவில் விருதுப் படம்!

இந்த 7டி ஒன்றும் உத்தமமான கருவி அல்ல. 4 ஜிகாபைட் ஆனதும், அதாவது சுமார் 12 நிமிடத்தில், ரெக்கார்டிங் நின்றுவிடும். வேகமாகத் திருப்பினால் தூண்கள் சாயும். கட்டம் போட்ட சட்டையில் வானவில் அலையடிக்கும். வெயிலில் சூடாகும். கலர் தகவல் குறைவு என்பதால் பிற்பாடு நிறம் மாற்ற அதிகம் இடம் கொடுக்காது. அந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மாதிரி ஷாட் பிரித்தார்கள். கருவியின் எல்லை தெரிந்தவனுக்குக் கருவி அடங்கும்.

இதே நாட்களில் கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சி. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் அதில் குறும்படம் எடுத்து வந்தவர்கள். கார்த்திக் நம்மைப் போல பொறியியல் படித்து சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். 'காதலில் சொதப்புவது எப்படி' (2012), 'பீட்சா' (2012), 'சூது கவ்வும்' (2013) என்று வரிசையாக வந்தன. அதுவரை சினிமாவுக்குள் நுழைய ஒருவர் பத்து வருஷம் அசிஸ்டெண்டாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பத்து நிமிடக் குறும்படம் அந்தச் சட்டத்தை மாற்றியது.

இரண்டாவது சுவர்

2012 ஜனவரியில் கோடாக் திவாலாவதாக மனு கொடுத்தது. பிலிம் யுகம் முடிந்தது. எல்லாம் டிஜிட்டல், எல்லாம் சுபம் என்று நினைத்தோம். 2018 மார்ச் 1 முதல் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை வெளியிடாமல் நிறுத்தினார்கள். காரணம், பிலிம் பிரிண்ட் செலவுக்குப் பதிலாக டிஜிட்டல் நிறுவனங்களுக்குக் கட்டிவந்த 'வி.பி.எஃப்.' என்ற கட்டணம். தியேட்டர் புரொஜெக்டர் செலவை ஈடுகட்ட ஆரம்பித்த கட்டணத்தை இன்னும் எத்தனை காலம் கட்டுவது என்பது தயாரிப்பாளர்கள் கேள்வி. கருவிகளுக்குப் போட்ட முதலும் பராமரிப்பும் இருக்கிறதே என்பது நிறுவனங்களின் பதில். ஒன்றரை மாதத்துக்கு மேல் இழுத்து, பேச்சுவார்த்தை நடந்து, ஏப்ரலில் முடிந்தது.

ஆகவே தம்பிகளே, டிஜிட்டல் வந்துவிட்டதால் மட்டும் இரண்டாவது சுவர் விழுந்துவிடவில்லை. அதன் வடிவம் மாறியது. எடுக்கும் செலவு குறைந்ததால் படங்கள் அதிகமாகின, வெள்ளிக்கிழமைகள் அதே எண்ணிக்கைதான். அதையும் தாண்டி வந்தவை உண்டு. செழியன் சொந்த முயற்சியில் எடுத்த 'டு லெட்' சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தின் கதை. பின்னணி இசையே கிடையாது. தேசிய விருது வாங்கி 2019-ல் தியேட்டருக்கு வந்தது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்று, அந்த வருடம் ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இரண்டிலும் என்ன கேமரா என்று பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

அப்போ எதை வாங்கலாம்?

இப்போது அந்த இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். நூறு வருடக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, சத்தத்துக்கு முதல் செலவு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். தமிழ் சினிமாவில் டப்பிங் ஒரு மரபாகவே ஆனதற்கு, நம் ஊரில் அதிகம் புழங்கிய ஏரிஃப்ளெக்ஸ் 2சி கேமரா தையல் மெஷின் மாதிரி கடகடத்ததும் ஒரு காரணம். டிஜிட்டல் கேமரா சத்தம் போடாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கேமராவில் இருக்கிற மைக்கை நம்பாதீர்கள். தனி ரெக்கார்டர், சட்டையில் மாட்டும் மைக் ஒன்று, கம்பில் கட்டிய மைக் ஒன்று போதும். மைக் நடிகருக்கு இரண்டு மூன்று அடிக்குள் இருக்க வேண்டும். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டும். (வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், கிளம்பும்போது திரும்பப் போட மறக்காது.) ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டுத் தெரியாமல் ஒட்ட அதுதான் பசை.

இரண்டு, மின்சாரத்தைக் கவனியுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு நூறு முறை துடிக்கும். 25 பிரேமில், ஷட்டர் 1/50-ல் எடுத்தால் துடிப்பு தெரியாது. 24 பிரேமில்தான் எடுப்பேன் என்றால் ஷட்டரை 1/50-ல் வையுங்கள், கோணக் கணக்கில் 172.8 டிகிரி. அமெரிக்கக்காரர் வீடியோவைப் பார்த்து 30 பிரேம், 1/60 என்று வைத்தால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். அவர்கள் ஊர் கரண்ட் 60 ஹெர்ட்ஸ்.

மூன்று, வெளிச்சம் இலவசம். சென்னை உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழும். காலை ஒன்பதுக்குள், மாலை நாலுக்கு மேல் எடுங்கள். வீட்டுக்குள் என்றால் ஜன்னல் ஒரு பக்கம், எதிரே ஒரு தெர்மோகோல் பலகை. பெரிய பெரிய ஒளிப்பதிவாளர்களும் தெர்மோகோல் வைத்துத்தான் வேலை செய்தார்கள்.

நான்கு, கேமராவை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். நாலு வருஷத்தில் பாதி விலைக்குப் போகிற பொருளுக்கு ஈ.எம்.ஐ. கட்ட வேண்டாம். நல்ல ட்ரைபாடும் மைக்கும் வாங்குங்கள், அவை பத்து வருஷம் உழைக்கும்.

ஐந்து, காப்பி. விநாடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜிகாபைட். அன்றன்று இரவே இரண்டு தனித்தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் இருக்கக்கூடாது.

ஆறு, எடிட்டிங். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மாணவருக்குத் தாராளமாகப் போதும். ஒரு காலத்தில் பெரிய லேப்களில் மட்டும் இருந்த கலர் கரெக்‌ஷன் கருவி அது. கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் எல்லாக் காட்சிக்கும் சின்ன அளவில் 'ப்ராக்ஸி' ஃபைல் செய்து அதில் எடிட் செய்யுங்கள், கடைசியில் ஒரிஜினலுக்கு மாறிக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால், ரஷ் பிரிண்டை வெட்டிவிட்டுக் கடைசியில் நெகடிவை வெட்டிய அதே பழைய முறைதான்!

ஏழு, இது எல்லாவற்றையும்விட முக்கியம். நிமிடத்துக்கு 90 அடியை மறக்காதீர்கள். இப்போது கார்டில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் பத்து நிமிடக் குறும்படத்துக்கு ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைக்கிறார்கள். அதில் மூன்று மணி நேரம் யாரும் ஆக்‌ஷனே சொல்லாதது. செட்டியார் 50,000 அடியை 12,000 ஆக்கினார். நீங்கள் ஒவ்வொரு ஷாட்டையும் எடுக்கும் முன் "இதை எதுக்கு எடுக்கிறோம்?" என்று ஒரு தடவை சத்தமாகக் கேட்டுக்கொண்டால் போதும். பிலிம் செலவு போய்விட்டது. பார்க்கிறவருடைய நேரத்துக்கு இன்னும் அதே விலைதான்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக சீனியர்களிடம் ஒரு விஷயம். 'கீசக வதம்' இன்று ஒரு அடிகூட இல்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. ஒரு லட்சம் மைல் சுற்றிச் சேர்த்த செட்டியாரின் காந்தி படத்துக்கும், தமிழில் வெளிவந்த வடிவம் நமக்கு முழுசாகக் கிடைக்காத கதிதான். பின்னாளில் அமெரிக்காவில் செய்த ஆங்கில வடிவம் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்ததால் தப்பித்தது. சொந்தக் காசில் எடுத்தவர்களின் படங்களைக் காப்பாற்ற எந்த ஸ்டுடியோவும் இருப்பதில்லை.

நம் கதையும் அதுதான். எங்கள் செட்டில் எடுத்த மூன்று குறும்படங்களின் ஒரிஜினல் டேப்புகள் கோட்டூர்புரத்தில் ஒரு நண்பனின் தரைத்தள வீட்டில், ஷூ டப்பாவில் இருந்தன. 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது பீரோவோடு போய்விட்டன. அதில் ஒரு படத்தில் எங்கள் லேப் அட்டெண்டர் நடித்திருந்தார். அவர் இப்போது இல்லை. அவர் சிரிப்பதை, பேசுவதைப் பதிவு செய்த ஒரே காட்சி அது. யூடியூபில் யாரோ ஏற்றிய மங்கலான காப்பிகூட அந்தப் படத்துக்குக் கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கும். எண்பதுகளின் வி.எச்.எஸ்., தொண்ணூறுகளின் ஹை-8, அப்புறம் மினி டி.வி. கல்ச்சுரல்ஸ், ஃபேர்வெல், டூர், ஆண்டு விழா. சென்னையின் ஈரக்காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்கிறது. ஓட்டிப் பார்க்கிற மெஷின்களைத் தயாரிப்பதை நிறுத்தியாயிற்று. லேப்டாப்புகளில் ஃபயர்வயர் துளை போய்ப் பல வருஷமாகிறது. டேப்பில் இருப்பதை அதன் முழு நேரமும் ஓடவிட்டுத்தான் இறக்க முடியும். அவசரப்படுத்தவும் முடியாது, ரொம்ப நாள் தள்ளவும் முடியாது.

என்னிடம் வேலை செய்கிற மினி டி.வி. டெக் ஒன்றும் ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கின்றன. வி.எச்.எஸ். பிளேயர் நல்ல நிலையில் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் சொல்லுங்கள். ரீயூனியன் அன்று பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி வைக்கிறேன். டேப்பின் மேல் உங்கள் பெயர், வருடம், என்ன நிகழ்ச்சி என்று எழுதிப் போடுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், ஓட்டினால் டேப்பும் போகும், மெஷினும் போகும். இறக்கிய பிறகு டேப்பும் திரும்ப வரும், ஒரு காப்பி உங்களுக்கு, ஒரு காப்பி நூலகத்துக்கு. இதற்கு இரண்டு மாணவர்கள் உதவிக்கு வந்தால் நல்லது. எடிட்டிங் கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பி தங்கைகள் வரட்டும். மற்றவர்கள் எடுத்ததை நூறு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

டேப்போடு வாருங்கள்.